பத்தாவது வீட்டுத் தோல்

மூக்கன் தன் தங்கை புருசன் பேயாண்டியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவனுடைய முகம் மட்டும்தான் தெரிந்தது. பாறை விளிம்புக்குக் கீழே, கொடிக் கயிற்றின் முனையில், புகைகிற தழைக்கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்த பேயாண்டி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, "தேன் வழியுறதப் பாத்து வாயத் தொறந்துராத மச்சான், ஈ உள்ள போயிரும்" என்று சொல்லிச் சிரித்தான். அதற்குப் பிறகு கயிறு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு தேனீக்கள் வந்தன.

கரும்பாறைக்குடியில் தேன் எடுக்க இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான். அப்பன் பிடிக்கக் கூடாது, அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது, கூட்டாளி பிடிக்கவே கூடாது. மற்றவர்களுக்கு ஏதாவது ஒரு நேரம் ஏதாவது ஒரு கணக்கு இருக்கலாம், தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் கையை விடமாட்டான் என்பது அவர்களுடைய எண்ணம். அந்த எண்ணத்தின் மேல்தான் அந்தக் குடியின் ஆம்பளைகள் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மற்றபடி எல்லாரும் அமாவாசை இருட்டில்தான் இறங்குவார்கள். அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் கிடந்தது, அதற்குள் ஆனி மாதச் சாரல் இறங்கினால் அடையெல்லாம் தண்ணியாகிப் போகும், பகலிலேயே இறங்கிவிடலாம் என்று பேயாண்டி அவசரப்பட்டான், மூக்கனும் சரி என்றான். அவர்கள் இரண்டு பேருமாக அந்த வருசம்தான் கண்டுபிடித்த பாறை அது, அதற்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை, வேறு யாருக்கும் இடம் தெரியாது. மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மீதிக் கயிற்றை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மூக்கன் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் பேயாண்டியின் நாய் கருவாலி படுத்திருந்தது. ஈக்கள் கரும்புகை மாதிரி எழும்பி வந்து முகத்தில் அப்பியபோது மூக்கன் ஒரு கையை முகத்துக்குக் கொண்டுபோனான். பிறகு இன்னொரு கையையும் கொண்டுபோனான்.

அவ்வளவுதான் நடந்தது. மூன்று நாள் ஓடைத் தண்ணீரில் முகத்தை அமுக்கிக்கொண்டு கிடந்து, வீக்கம் வடிந்த பிறகு, மடியில் கொஞ்சம் கடுக்காயோடு குடிக்குத் திரும்பினான். மச்சான் எங்கே என்று கேட்டதற்கு, பகலில் வேண்டாம் என்று நான் சொன்னேன், கோவித்துக்கொண்டு நாயோடு தனியாகப் போய்விட்டார், நான் கடுக்காய்க்குப் போனேன் என்று சொன்னான். அவனே முன்னால் நடந்து தேடினான். பேர் உள்ள பாறைகள் எல்லாவற்றுக்கும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனான்.

ஒன்பதாம் நாள் கருவாலி மட்டும் திரும்பி வந்தது. கறுப்பு மயிர் திட்டுத் திட்டாக உதிர்ந்து, காது மடல் தடித்து, முழங்கால் முட்டியில் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரிச் சொறி ஏறிப்போய் வந்தது. அதைப் பின்தொடரலாம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள், ஓடைவரைக்கும் வந்து படுத்துக்கொண்டது. தூக்கி அக்கரையில் விட்டார்கள், அங்கேயும் படுத்துக்கொண்டது.

அந்தக் குடியில் ஆள் காணாமல் போனால் அவனுடைய நாயை எந்த ஒரு வீடும் தனியாக வைத்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு ஒரு ராத்திரி என்று வரிசையாக அது படுத்தெழும்பும். சாப்பாடு அந்த வீட்டுச் சட்டியில், படுக்கை அந்த வீட்டு மனுசர்களுக்கு நடுவில், அவர்கள் போர்த்துகிற போர்வைக்குள். துக்கத்தைப் பிரித்துக்கொள்வது என்று அதற்குப் பேர். காணாமல் போனவனின் சொந்த வீடு கடைசியாகத்தான் வரும். அப்படியே கருவாலியும் பதினொரு வீட்டிலும் படுத்தது. ஒன்பது வீடு முடிந்து பத்தாவதாக மூக்கனின் வீட்டுக்கு வந்தபோது, பெண்டாட்டி செத்து ஐந்து வருசமாகத் தனியாகக் கிடக்கிற அவன், முறை தவறக் கூடாது என்று அதைத் தன் போர்வைக்குள் விட்டுக்கொண்டான். காலையில் அவன் நெஞ்சில் நாய் மயிர் ஒட்டியிருந்தது. மறுநாள் அது தங்கை காத்தாயியின் வீட்டுக்குப் போய், எட்டு மாதக் குழந்தையோடு ஒட்டிப் படுத்தது. அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து அந்த நாயின் வயிற்றுச் சூட்டில்தான் தூங்கிப் பழகியிருந்தது.

ஒரு வாரத்தில் குடி முழுக்க அரிக்க ஆரம்பித்தது.

அரிப்பு அவர்களுக்குப் புதிதில்லை. நாயோடு படுக்கிறவர்களுக்கு நாயின் பூச்சி வரும், பத்து நாளில் அதுவாகப் போகும். இந்தத் தடவை அது கோடு போட்டது. முதல் வீட்டுத் தொத்தனுடைய கெண்டைக்காலில் நூல் மாதிரி மெல்லிய ஒரு கோடு எழும்பி, தினம் ஒரு நெல் நீளம் தோலுக்குள் நகர்ந்தது. நகர்ந்து, வளைந்து, ஓரிடத்தில் இரண்டாகக் கிளைத்து, ஒரு கிளை நின்றுபோய் இன்னொன்று மேலே ஏறியது. குறுக்கே ஒரு வரிசைத் தண்ணீர்க் கொப்புளம் வந்தது. மலைக்கிழங்கு தோண்டப் போய்ப் போய் அந்தக் காட்டில் தன் கால்படாத தடம் இல்லாமல் ஆக்கிவைத்திருந்த தவளச்சி, மூக்கனின் செத்துப்போன அண்ணனுடைய பெண்டாட்டி, தொத்தனுக்குப் பச்சிலை பூச வந்தவள், அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது நம்ம ஓடை, இது ஓடைக்கு மேலே உள்ள கவட்டைத் தடம், தொத்தனே உன் காலில் கருவாலி நடந்துபோயிருக்கிறது என்று சொன்னாள். சட்டியில் உப்பு குறைவு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். கேட்டவர்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். நாய் பேசாது, அதனால் வேறு எப்படிச் சொல்லும் என்று ஒருத்தி கேட்டாள், அது நியாயமாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து காலை வெயில் ஏறியதும் குடிக்கு முன்னால் உள்ள சப்பட்டைப் பாறையில் எல்லாரும் வந்து வீட்டு வரிசைப்படி படுத்தார்கள். முதல் வீட்டின் தோலில் எங்கே கோடு நின்றதோ அங்கிருந்து இரண்டாம் வீட்டின் தோலில் கோடு தொடங்கியிருந்தது. இரண்டாம் வீட்டுக்காரியின் முதுகில் ஈட்டிமரச் சரிவு, மூன்றாம் வீட்டு ஆளின் புஜத்தில் யானை உரசுகிற மொட்டைப் பாறை ஒரு பரு அளவுக்கு. தவளச்சி ஈர விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள், மற்றவர்கள் அந்தந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சரிதான் என்றார்கள். சொறிந்தால் தடம் அழிந்துவிடும் என்பதால் நகத்தைக் கல்லில் தேய்த்து மழுக்கிக்கொண்டார்கள், கைகளில் துணி சுற்றிக்கொண்டார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள். அந்த வேதனையிலும் சிரிப்பு இருந்தது. ஐந்தாம் வீட்டு ஆளின் கோடு வேட்டிக்குள் போய்விட்டது. மானம் முக்கியமா வழி முக்கியமா என்று தவளச்சி கேட்க, அவன் பெண்டாட்டி, நான் பார்த்துச் சொல்கிறேன், அங்கே பெரிதாக மலை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமைதோறும் ஜீப் வருகிற இடத்திலிருந்து நான்கு மைல் ஏறி வருகிற நர்ஸ் ஸ்டெல்லா, ஆட்கள் வரிசையாகக் குப்புறப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டுக் குடையை மடக்கினாள். நாய்ப் பூச்சி மனுசத் தோலில் ரொம்ப நாள் தங்காது, தங்கவும் கூடாது என்று அவள் சொன்னாள். ஆனால் தங்கியிருந்தது. கழுத்திலிருந்து பாதம்வரை பூசுகிற வெள்ளை மருந்து வீட்டுக்கு ஒரு புட்டி கொடுத்தாள், துணியெல்லாம் வேகவைக்கச் சொன்னாள், நாய்க்கும் ஊசி போட ஆள் அனுப்புகிறேன் என்றாள். எல்லாரும் மரியாதையாக வாங்கி, திறக்காமல் கூரை எரவாணத்தில் செருகினார்கள். தொத்தனின் காலைச் சோதித்துக்கொண்டிருந்தவள் ஒரு வளைவில் விரலை நிறுத்தி, போன வருசம் நான் வழுக்கி விழுந்த இடம் இது என்றாள். பிறகு தன் நோட்டில் அரிப்பு என்று மட்டும் எழுதிக்கொண்டு இறங்கிப்போனாள்.

இத்தனையையும் மூக்கன் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அரிக்கவில்லை.

முதலில் அதை அதிர்ஷ்டம் என்றார்கள். ஆனால் ஆறாம் வீடு, ஏழாம் வீடு, எட்டாம் வீடு என்று தடம் மலைமேல் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு காலையும் அவன் பாறைக்கு வந்து, யாரோ ஒருவர் முதுகில் தனக்குத் தெரிந்த வழி ஒரு நெல் நீளம் வளர்ந்திருப்பதைப் பார்த்தான். ஏழாம் வீட்டுப் பெண்ணின் தோள்பட்டையில் இருப்பது தானும் மச்சானும் உட்கார்ந்து வெற்றிலை போட்ட இடம் என்று அவனுக்குத் தெரிந்தது. எட்டாம் வீட்டு ஆளின் விலாவில் ஒரு கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு, இரண்டு ஆள் சேர்ந்து நடந்த மாதிரி, ஒட்டிப் போனது. தவளச்சி அதன்மேல் விரலை வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை. குடிக்குள் எங்கே போனாலும் கருவாலி அவன் கண்ணில் பட்டது. மயிரெல்லாம் போய் இளஞ்சிவப்புத் தோலோடு, கிழவனின் பிறந்த மேனி மாதிரி, வெயிலில் உட்கார்ந்து அவனைப் பார்த்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை. ஒரு நடுப்பகலில் அதைத் தனியே ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையில் ஒரு கல்லை எடுத்தான். நாய் அவனுடைய பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அதன் உடம்பு முழுக்க ஊர்வதை அவன் தன் பாதத்தில் உணர்ந்தான், இப்போதாவது ஒன்று தன்மேல் ஏறட்டும் என்று நின்றான். ஒன்றுகூட ஏறவில்லை. கல்லைப் போட்டுவிட்டு வந்தான்.

ஒன்பதாம் வீட்டோடு தடம் நின்றது. பதினோராம் வீட்டில், காத்தாயியின் குழந்தையுடைய வயிற்றில், தொப்புளைச் சுற்றி ஒரு கோடு தெளிவாக வளர்ந்துகொண்டிருந்தது. அது எங்கேயோ ஒரு பாறையடியில் போய் முடிகிற தடம் என்று தவளச்சி சொன்னாள். ஆனால் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் உள்ள துண்டு யாரிடமும் இல்லை. அது பத்தாம் வீட்டுத் துண்டு. எல்லாரும் மூக்கனைத் திரும்பிப் பார்த்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அவன் தோல் குழந்தைத் தோல் மாதிரி வழவழவென்று இருந்தது. குழந்தையின் தோல்தான் அப்படி இல்லை.

அன்று சாயங்காலம் அவன் சூரைமுள் ஒன்றை ஒடித்துக்கொண்டு ஒதுங்கிப்போய் தன் தொடையில் ஒரு வழியைக் கீறினான். மேற்கே திரும்பி, மூங்கில் காட்டுக்குள் போகிற வழி. கீறியதன்மேல் செந்தட்டிச் சாற்றைத் தேய்த்ததும் தடித்து எழும்பியது. கடைசியில் எனக்கும் வந்துவிட்டது என்று மறுநாள் காலையில் வந்து பாறையில் அவனுடைய இடத்தில் படுத்தபோது, குடியே சந்தோசப்பட்டது. தங்கை அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். அந்த வழியை நம்பி ஆறு பேர் மூங்கில் காட்டுக்குள் போய், இரண்டு நாள் சாரலில் நனைந்து, காலெல்லாம் அட்டைக்கடியோடு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அவர்கள் வந்து ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது தவளச்சி மூக்கனின் குடிசைக்கு வந்தாள். தொடையைக் காட்டச் சொல்லி, கட்டை விரலை எச்சில் பண்ணித் தேய்த்தாள். பொருக்கு உரிந்து வந்தது. அதை விரல் நுனியில் வைத்து வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஊதி விட்டாள்.

"நானும் ரோசனை பண்ணிக்கிட்டேதான் இருந்தேன் கொழுந்தனாரே, பதினோரு வீட்டுல ஒன்னைய மட்டும் ஏன் விட்டுச்சுன்னு," என்றாள். "தெரிஞ்சவனுக்கு அது எதுக்குச் சொல்லணும்?"

அவ்வளவு சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அவள் யாரிடமாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மூக்கனுக்கு இருந்தது. அடுப்பில் விறகு வெடித்தாலும், வாசலில் யாராவது செருமினாலும் அவனுக்குத் தூக்கிப்போட்டது. சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. அந்தக் குடியில் கயிற்றை விட்டவன் என்று ஒருத்தன் அதுவரை இருந்ததே இல்லை, அதனால் அவனை என்ன செய்வது என்ற வழக்கமும் இல்லை. தங்கையின் முகம் எப்படி ஆகும் என்பது மட்டும்தான் தெரிந்தது. பெண்டாட்டியும் அண்ணனும் போன பிறகு அவனுக்கென்று இருந்தது, அண்ணே என்று கூப்பிடுகிற அவள் ஒருத்திதான்.

குழந்தையின் வயிற்றுக் கோடு பழுத்துவிட்டது. பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததை எட்டு மாதக் குழந்தை எப்படிப் பொறுக்கும். கையைத் துணியால் கட்டினால் காலால் தேய்த்தது, காலைக் கட்டினால் தரையில் புரண்டது. அக்குளிலும் விரலிடுக்கிலும் சீழ் கோர்த்து, உடம்பு அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. இரண்டு நாளாகப் பால் குடிக்கவில்லை. அழுகிற சத்தம்கூட நின்று, வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. தொப்புளுக்குப் பக்கத்தில் கோடு இன்னும் முடியாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் புதன்கிழமை ஸ்டெல்லா வந்து குழந்தையைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். புண்ணைக் கழுவி இப்பவே மருந்தைப் பூச வேண்டும், ஊசி போட்டு இன்றைக்கே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் இரண்டு நாள் தாங்காது என்றாள். மருந்துப் புட்டியைத் திறந்து வைத்தாள். காத்தாயி குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு பாறையின் விளிம்புவரைக்கும் நகர்ந்து போனாள்.

"பூசுனா எல்லாம் செத்துரும்ல," என்றாள்.

"சாகத்தான பூசுறது," என்றாள் ஸ்டெல்லா.

"இவுங்கப்பன் கெடக்குற எடம் இவ வயித்துல இருக்கு சிஸ்டர். அதையும் அழிச்சுட்டு நான் எந்தக் காட்டுல போயி அந்த மனுசனத் தேடுவேன்? இன்னும் ரெண்டு நாள்ல முடிஞ்சிரும். முடிஞ்சதும் பூசுங்க."

ஸ்டெல்லா மன்றாடினாள், திட்டினாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தாள். வீட்டு வரிசைப்படி படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். பிள்ளையும் வேண்டும், வழியும் வேண்டும். எடுத்துப் புதைக்காத பிணத்தின் ஆவி அந்தரத்தில் தொங்கும் என்று அவர்கள் எல்லாரும் நம்பினார்கள். தவளச்சி மூக்கனைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே எதிர்ப்பக்கத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்கன் தன்னுடைய இடத்தில், ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் நின்றிருந்தான். பேசத் தொடங்கினால் அந்தக் கரும்புகை மறுபடி எழும்பி வந்து முகத்தில் அப்பும் என்று பயந்தான், உண்மையாகவே காதுக்குள் அந்த இரைச்சலைக் கேட்டான். குழந்தை ஒருதடவை வாயைத் திறந்து மூடியது.

"பூசச் சொல்லு காத்தாயி," என்றான். "எடம் எனக்குத் தெரியும்."

தங்கை அவனைப் பார்த்தாள்.

"மொட்டப் பாறைக்கு மேல, ரெட்ட நாவ மரத்துல இருந்து சூரியன் எழும்புற பக்கமாப் போனா ஒரு பாறை இருக்கு. அதுக்குப் பேரில்ல. அங்கதான் மச்சான் எறங்குனாரு." அவன் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான், அதில் ஒன்றும் இல்லை. "கயிறு எங்கையிலதான் இருந்துச்சு."

கயிறு கையில் இருந்தது என்றால் பிறகு இல்லை என்றுதான் அர்த்தம். பாறையில் இருந்த அத்தனை பேரும் தங்களை அறியாமல் தங்கள் உடம்பிலிருந்த கோட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார்கள். பெண்டாட்டிமார்கள் புருசனைப் பார்த்தார்கள், புருசன்மார்கள் பெண்டாட்டியின் அண்ணன் தம்பிகளைப் பார்த்தார்கள். அதுவரை அந்தக் குடியில் யாரும் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. மூக்கன் பயந்துகொண்டே இருந்தது எதுவோ அது வந்துவிட்டது, ஆனால் அது அவன் ஒருத்தன்மேல் மட்டும் வரவில்லை.

காத்தாயி அழவில்லை. விளிம்பிலிருந்து எழுந்து வந்து குழந்தையின் துணியை அவிழ்த்தாள். புண்ணில் கைபட்டதும் அது எங்கிருந்தோ பலத்தைக் கூட்டிக்கொண்டு முறுக்கித் திமிறியது. மருந்து பூச இரண்டு கை வேண்டும், ஊசி போட இன்னும் இரண்டு கை வேண்டும். அவள் குழந்தையைத் தூக்கி அண்ணனின் விரித்த கைகளில் வைத்தாள்.

"கெட்டியாப் புடி," என்றாள்.

அவன் பிடித்தான். அது கடித்தது, நகத்தால் கீறியது, கழுத்தெல்லாம் சீழும் மருந்துமாகப் பூசியது, அவன் பிடித்துக்கொண்டே இருந்தான். ஸ்டெல்லா போதும் என்று சொன்ன பிறகும் கையை எடுக்க அவனுக்குத் தெரியவில்லை. காத்தாயிதான் விரல் விரலாகப் பிரித்துக் குழந்தையை வாங்கிக்கொண்டு, நர்ஸோடு ஜீப் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். அண்ணே என்று அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

பிழைக்கப்போகிற குழந்தையை ஒரு பக்கமாகக் கொண்டுபோனபோது, தவளச்சி முன்னால் நடக்க ஆறு ஆம்பளைகள் மலைப்பக்கமாகப் போனார்கள். மூக்கனைக் கூப்பிடவில்லை. பேரில்லாத பாறையின் அடியில் கிடந்ததைப் பொறுக்கி அங்கேயே குழி தோண்டி வைத்து, மேலே கல் அடுக்கிவிட்டு வந்தார்கள். அன்றைக்கே எரவாணத்திலிருந்த புட்டிகளை எல்லாம் எடுத்து ஆளுக்கு ஆள் முதுகில் பூசிக்கொண்டார்கள், போர்வைகளைப் பானை பானையாக வேகவைத்தார்கள். குடி முழுக்க ஒரு வாரம் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. இரண்டு வாரத்தில் ஓடையும் ஈட்டிமரச் சரிவும் மொட்டைப் பாறையும் அவர்கள் தோலிலிருந்து அழிந்துபோயின. கருவாலிக்கு ஊசி போட ஒருத்தர் வந்துபோனார், அதற்குக் கறுப்பு மயிர் மறுபடி முளைத்தது.

மூக்கனை யாரும் அடிக்கவில்லை, துரத்தவில்லை, ஒரு சொல் கேட்கவில்லை. கிழங்கு பிரித்தால் அவனுக்கும் ஒரு பங்கு வாசலில் வைத்தார்கள். அவனிடம் எதையும் பிடிக்கக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கூரை மாற்றும்போது கம்பின் ஒரு நுனியைக்கூட. மற்ற ஆம்பளைகளும் தேனுக்கு இறங்குமுன் கயிற்றை மரத்தில் ஒன்றுக்கு மூன்று சுற்றாகச் சுற்றி, தாங்களே இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கினார்கள். மேலே உட்கார்ந்திருக்கிற மச்சினன்மார்கள் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூக்கன் கீழே சந்தைப் பக்கத்திலிருந்து இரண்டு தடவை நாய்க்குட்டி வாங்கி வந்து பார்த்தான், இரண்டும் ஒரு வாரத்துக்குள் வேறு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டன.

கரும்பாறைக்குடியில் இன்று பதினொரு வீடுகள் இருக்கின்றன. பத்து வீட்டில் நாய் உண்டு.